குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு தாத்தா பாட்டி வீட்டுக்கு: டிக்கெட் எடுப்பதற்கு முன்பிருந்து திரும்பி வரும்வரை

எங்கள் மகனுக்கு நான்கு மாதம் நிறைந்திருந்தபோது டிக்கெட் எடுத்தோம். கிளம்பிய அன்று அவனுக்கு ஏழரை மாதம். நாங்கள் செய்த தவறுகளெல்லாம் இந்த மூன்றரை மாத இடைவெளியில் ஒளிந்திருந்தன. படுத்த இடத்திலேயே கிடந்து மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைக்காகத் திட்டம் போட்டோம். விமானத்தில் ஏறியது வேறொரு பிள்ளை: கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடும், தெரியாத முகத்தைக் கண்டால் ஊரைக் கூட்டும். விமானத்தில் தரும் தொங்கு தொட்டிலான பாசினெட்டில் படுக்க வைத்தால் கால் வெளியே நின்றது. ஆசையாக வாங்கிய கம்பளி உடுப்பு இடுப்புக்கு மேல் ஏற மறுத்தது.

அதனால் கீழே எந்தப் படிக்குப் போவதற்கு முன்பும் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் குழந்தைக்கு எத்தனை மாதம், திரும்பும் நாளில் எத்தனை மாதம்? இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

தாத்தா பாட்டி வேறு நாட்டில், குளிர் மிகுந்த இடத்தில் இருக்கிறார்கள், விமானத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொந்த நாட்டுக்குள்ளேயே ரயிலிலோ காரிலோ போகிறவர்கள் 2, 3 ஆகிய படிகளைத் தாண்டிவிடலாம்.

1. முதலில் நாள்காட்டி, பிறகு டிக்கெட்

என்னைக் கேட்டால், மூன்று மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் போவதுதான் மிகச் சுலபம். முதல் தவணைத் தடுப்பூசிகள் போட்டிருப்பார்கள், பிள்ளை இன்னும் தவழாது, பால் மட்டும் போதும். மூன்று மாதத்துக்கு முன்பு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் போயாக வேண்டும். சளியும் இருமலும் வீட்டுக்கு வீடு சுற்றும் குளிர்காலத்தில் அந்தக் கவலையைச் சுமந்துகொண்டு போகாதீர்கள்.

நடக்கத் தொடங்கிய பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்தான் விமானத்தில் கடினமான வயது. மடியில் உட்காராது, பேசியும் புரியவைக்க முடியாது. இருந்தாலும் அந்த வயதில்தான் தாத்தா குனிந்து குதிரையானால் குழந்தைக்குப் புரிந்து சிரிக்கும். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எத்தனை நாள் தங்குவது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். நேர வித்தியாசம் பெரிதாக இருந்தால், உடம்பு பழக மணிக்கு ஒரு நாள் என்பது தோராயமான கணக்கு. ஆறு மணி நேர வித்தியாசம் உள்ள ஊருக்கு ஆறு நாள் பயணம் போனால், பிள்ளை ஒழுங்காகத் தூங்கத் தொடங்கும் அன்று பெட்டியைக் கட்டுவீர்கள். அப்படிப்பட்ட தூரத்துக்கு இரண்டு வாரத்துக்குக் குறைந்து போவதில் பொருளில்லை. வித்தியாசம் ஒன்றிரண்டு மணி நேரம்தான், தங்குவதும் நான்கைந்து நாள்தான் என்றால் நேரத்தை மாற்றவே முயலாதீர்கள். வீட்டு நேரப்படியே தூங்கட்டும்.

2. ஆவணங்கள்: ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்பவை

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை. ஒன்று கைக்கு வந்த பிறகுதான் அடுத்ததற்கு விண்ணப்பிக்க முடியும். நாங்கள் இந்த மூன்றையும் ஒரே மாத வேலையாக நினைத்தோம். ஆண்டு இறுதி விடுமுறையில் அலுவலகங்கள் மூடியிருக்கும், விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்காது. மூன்றரை மாதம் முன்னதாகத் தொடங்கினால் நிம்மதி. இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் விரைவுச் சேவைக்குக் கூடுதல் கட்டணம் கட்ட நேரும். அதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதுங்கள்.

பாஸ்போர்ட்: பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழைய காலம். பிறந்து பத்தே நாளானாலும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பல நாடுகள் குழந்தைகளுக்கு ஐந்தாண்டுக்குத்தான் கொடுக்கின்றன. உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடுகள் இருக்கின்றன. முதல் பயணத்தில் இது இடிக்காது, மூன்றாவது நான்காவது பயணத்தில் இடிக்கும்.

புகைப்படம்: எங்கள் அரை நாளை விழுங்கிய வேலை இது. வெள்ளைத் துணியை விரித்துப் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, நேர் மேலே இருந்து எடுங்கள். சன்னல் வெளிச்சம் போதும். படத்தில் உங்கள் கையோ நிழலோ பொம்மையோ தெரியக் கூடாது. பால் குடித்த பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் ஒன்று தூக்கம், அல்லது அழுகை. எங்கள் முதல் படத்தில் காதோரம் என் கட்டைவிரல் நகம் தெரிந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி வரிசையில் நிற்கப் பதினொரு நாள் கழித்துத்தான் முறை கிடைத்தது. ஒரு நகத்துக்குப் பதினொரு நாள்!

பெயர் எழுத்துகள்: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நான்கிலும் ஒவ்வோர் எழுத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதுவதா, தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுப்பதா என்பதைப் பிறப்பைப் பதிவு செய்யும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிறகு திருத்துவது தனி யாத்திரை.

ஒப்புதல் கடிதம்: தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், மற்றவர் கையெழுத்திட்ட கடிதம் கட்டாயம் கையில் இருக்கட்டும். பயண நாள், போகும் முகவரி, இருவரின் பாஸ்போர்ட் எண்கள், தொலைபேசி எண் ஆகியவற்றோடு நோட்டரி முன் கையெழுத்தானதாக இருந்தால் நல்லது. எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்கும் இடத்தில் இது இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள். தாயின் குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியையும் கைப்பையில் வையுங்கள்.

தடுப்பூசி அட்டை, பயணக் காப்பீட்டுப் பத்திரம், இவற்றின் நகல்கள் எல்லாம் ஒரே உறையில். காப்பீட்டில் குழந்தையின் பெயர் தனியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோருக்கு எடுத்தால் பிள்ளைக்கும் சேர்ந்துவிடும் என்பது எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தாது.

3. டிக்கெட்: மடிக்குழந்தை இலவசம் இல்லை

இரண்டு வயது நிறையாத குழந்தை பெரியவர் மடியில் பயணம் செய்யலாம். வெளிநாட்டு விமானங்களில் இதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும், அதன்மேல் வரிகளும் வாங்குகிறார்கள். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். இரட்டையர் என்றால் இரண்டு பெரியவர் வேண்டும், அல்லது ஒருவருக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும்.

போகும்போது இரண்டு வயது ஆகவில்லை, அங்கே பிறந்த நாள் கொண்டாடிவிட்டுத் திரும்புகிறீர்கள் என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை கட்டாயம். தாளில் எழுதிய இரண்டாவது எண் இதற்காகத்தான்.

சேர்த்து வைத்த பயணப் புள்ளிகளில் பெரியவர் டிக்கெட் எடுப்பவர்களும் கவனியுங்கள். பல நிறுவனங்கள் மடிக்குழந்தைக்கு அந்த இருக்கையின் முழு விலையில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகக் கேட்கும். உயர் வகுப்பு என்றால் அது சிறிய தொகை அல்ல.

இரண்டு விமானம் மாறிப் போகிறீர்கள், இரண்டாவது விமானத்தை வேறு நிறுவனம் ஓட்டுகிறது என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. முதல் விமானத்தில் மகனின் பெயர் இருந்தது. இரண்டாவதில் இல்லை. இடை நிலையத்துக் கவுன்டரில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார்: என் பெயர், என் கணவர் பெயர், அதன்கீழ் வெறும் இடம். மகன் அப்போது என் தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். "இங்கே இருக்கிறானே" என்று சொல்லத் தோன்றியது, சொல்லிப் பயனில்லை. ஐம்பது நிமிடம் நின்று, அங்கேயே ஒரு டிக்கெட் வாங்கி, கதவு மூடுவதற்குச் சற்று முன் ஓடி ஏறினோம். டிக்கெட் எடுத்த மறுநாளே இரண்டு நிறுவனங்களையும் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு விமானத்திலும் குழந்தைக்கு டிக்கெட் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் இருப்பது போதாது, எண் வேண்டும்.

பாசினெட் என்ற தொங்கு தொட்டில் முன்வரிசைச் சுவரில் மாட்டுவது. எண்ணிக்கை மிகக் குறைவு, முன்கூட்டிக் கேட்டால்தான் கிடைக்கும். எடை வரம்பும் நீள வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிளம்பும் நாளில் பிள்ளை எவ்வளவு நீளம் இருக்கும் என்று பாருங்கள். முதல் ஆண்டில் குழந்தை 25 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும், அதில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில். திரும்பும் பயணத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கி மடியில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள், அதனால் இரவு முழுக்கத் தூங்கும் என்று கனவு காணாதீர்கள்.

பணம் இடம் கொடுத்தால் தனி இருக்கை எடுத்து, விமானத்துக்கு ஏற்றதென்று சான்று ஒட்டிய கார் இருக்கையில் குழந்தையைக் கட்டி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு. எங்களால் முடியவில்லை.

4. தடுப்பூசி: கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மருத்துவரிடம் எட்டு வாரம் முன்பே போங்கள். நாங்கள் மூன்று வாரம் முன்பு போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை ஆறு மாதம் நிறைந்த பிறகுதான் போடலாம். முதன்முறை போடும் குழந்தைக்கு இரண்டு தவணை, இடையில் குறைந்தது நான்கு வாரம். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் எதிர்ப்பாற்றல் உருவாகும். ஆக ஆறு வாரம். ஏழரை மாதப் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாளே போட்டிருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்கும். எங்களுக்கு ஒரு தவணைதான் முடிந்தது.

தட்டம்மைத் தடுப்பூசி வழக்கமாக ஒன்பதாவது அல்லது பன்னிரண்டாவது மாதத்தில் போடப்படுகிறது. அந்த நோய் பரவும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்தே முன்கூட்டி ஒரு தவணை போடுவதுண்டு. அது கூடுதல் தவணைதான், வழக்கமான தவணைகளை அதற்குப் பிறகும் போட வேண்டும். இதனால் வரும் காய்ச்சல் ஒரு வாரத்துக்குப் பிறகே தலைகாட்டும். மற்ற ஊசிகளால் வரும் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் வரும். எனவே பயணத்துக்கு முந்தைய நாள் ஊசி போடுவதைத் தவிருங்கள்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களை மறக்காதீர்கள். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பிள்ளையைத் தூக்கப் போகிறவர்கள் எல்லோரும் இன்ஃப்ளூயன்சா ஊசியும், கக்குவான் இருமலுக்கான ஊக்க ஊசியும் போட்டுக்கொண்டால் நல்லது. சந்திப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். பெரியவருக்கு வெறும் இருமலாக வந்து போகும் கக்குவான், சில மாதக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

5. உடுப்பு: இன்று வாங்காதீர்கள்

பிறந்த எடை ஐந்தாவது மாதத்தில் இரண்டு மடங்கும், ஓராண்டில் மூன்று மடங்கும் ஆகிவிடும். கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பு வரை குளிர் உடுப்பில் பணத்தைப் போடாதீர்கள். முடிந்தால் தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் பிள்ளை உள்ள குடும்பத்திடம் கனத்த மேலுடுப்பை இரவல் கேளுங்கள். நான்கைந்து முறை மட்டும் போடப்போகும் பொருள் அது.

வெளியே போகும்போது உங்களுக்குப் போடுவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். ஒரே கனத்த உடுப்பைவிட மெல்லிய அடுக்குகள் மேல், வேண்டியபோது கழற்றலாம். குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குழந்தைகளின் கை கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் அல்லது மார்பில் கைவைத்துப் பாருங்கள். வேர்வை இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். பாட்டிமார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தயாராக இருங்கள்.

கார் இருக்கையில் உட்கார வைக்கும்போது பஞ்சு திணித்த கனத்த மேலுடுப்பு கூடவே கூடாது. பட்டை இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதினால் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும், குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடுப்போடு கட்டி, தோள் பக்கத்துப் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு அகப்படக் கூடாது. கட்டிய பிறகு மேலே போர்வை போர்த்துங்கள். விமான நிலையத்துக்கு அழைக்க வரும் மாமா காரில் குழந்தை இருக்கை இருக்கிறதா என்பதையும் கேட்டுவையுங்கள். "பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்ற பதில் வரும். உறைபனி விழுந்த சாலையில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

6. தாத்தா பாட்டியிடம் முன்பே பேசிவிட வேண்டியவை

ஒரு விதி: உங்கள் அப்பா அம்மாவிடம் நீங்கள் பேசுங்கள், மாமனார் மாமியாரிடம் அவர்கள் பெற்ற பிள்ளை பேசட்டும். இதை மாற்றிச் செய்த வீடுகளில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடியோ அழைப்பில் கைபேசியைத் தரையோடு தரையாகப் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது தவழும் உயரத்தில் தெரியும்: தொங்கும் மின்கம்பி, சோபாவுக்கு அடியில் உருண்ட நாணயம், தண்ணீர் நிறைந்த வாளி, ஹீட்டரின் சூடான கம்பி வலை. சில அங்குலத் தண்ணீரே கைக்குழந்தைக்கு ஆபத்து. தொலைக்காட்சி ரிமோட், காது கேட்கும் கருவி, சமையலறை எடைக் கருவி ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். மூடி கழன்ற ரிமோட்டை முதல் நாளே அலமாரியின் மேல் ஏற்றிவிடுங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சொன்னதும் என் மாமனார் எல்லாவற்றையும் மேல் தட்டுக்கு மாற்றி, புகைப்படமே எடுத்து அனுப்பினார். மூன்றாவது நாள் மகன் கட்டிலடியில் அமைதியாக இருந்தான். அமைதியாக இருக்கிறானே என்றுதான் போய்ப் பார்த்தேன். அத்தையின் கைப்பை திறந்து கிடந்தது, இரத்த அழுத்த மாத்திரை அட்டையின் ஓரம் அவன் வாயில், ஈறால் கடித்த தடம் அலுமினியத் தாளில் பதிந்திருந்தது. நல்லவேளை, எல்லா மாத்திரைகளும் அதனதன் குழியில் இருந்தன. மாமியாருக்குப் பேச்சே வரவில்லை. அலமாரியைப் பார்க்கும் எல்லோரும் கைப்பையை மறந்துவிடுகிறோம். வந்து போகும் விருந்தினர் கைப்பையும் இதில் அடங்கும்.

பழைய தொட்டில் பரணிலிருந்து இறங்கும், இது நிச்சயம். "உங்கள் வீட்டுக்காரரே இதில்தான் தூங்கினார்" என்பார்கள். கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பொம்மைகளை வைக்கப் பயன்படுத்துங்கள், பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். மடக்குத் தொட்டிலை வாடகைக்கோ இரவலுக்கோ ஏற்பாடு செய்யுங்கள்.

தேன்: சளிக்கு ஒரு சொட்டு என்று நாக்கில் தடவ வருவார்கள். ஓராண்டு நிறையும் வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் செயலிழந்துபோகும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. மறுப்புச் சொல்லும்போது "எங்கள் மருத்துவர் திட்டுவார்" என்று சொல்லுங்கள். மருத்துவர்மேல் பழி போடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

சளி பிடித்தவர்கள் அது குணமாகும் வரை தள்ளியிருக்க வேண்டும், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் முத்தமிடக் கூடாது. தூக்குவதற்கு முன் கை கழுவ வேண்டும். இவற்றைப் போய் இறங்கிய பிறகு சொன்னால் அவமதிப்பாகத் தோன்றும், ஒரு மாதம் முன்பு தொலைபேசியில் சொன்னால் ஏற்பாடாகத் தோன்றும்.

7. கைப்பை

பயண நேரத்துக்கு மணிக்கு ஒரு டயப்பர், அதற்குமேல் ஐந்தாறு. பிள்ளைக்கு மூன்று மாற்று உடை. உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் எடுத்துப் போவதில்லை, நானும்தான். ஒன்பது மணி நேரம் புளித்த பால் வாடையோடு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி வந்து சேராமல் போனாலும் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் அளவுக்குப் பால்பொடி, மருந்து, உடுப்பு எல்லாம் கையோடு வரட்டும். சோதனையில் திரவங்களுக்கு உள்ள 100 மில்லி லிட்டர் வரம்பு குழந்தையின் பாலுக்குப் பெரும்பாலான விமான நிலையங்களில் தளர்த்தப்படுகிறது. தனியாக எடுத்து வைத்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்தில் மூன்று போதும்: எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். கூடவே வெப்பமானி. நான்கு மாதத்தில் எழுதிய மருந்தளவை ஏழரை மாதத்தில் பயன்படுத்தாதீர்கள், கிளம்பும் வாரம் எடை பார்த்துத் திருத்தி வாங்குங்கள். இருமல் சளி மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம்.

8. விமானத்தில்

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அடைக்கும். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும், பால் கொடுப்பதை அதற்காக நிறுத்தி வையுங்கள். புறப்படும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் இறங்கும்போது வாயைத் திறக்காது. நிப்பிள் சூப்பினாலும் போதும்.

ஸ்ட்ரோலரை விமானக் கதவு வரை கொண்டுபோகலாம். மாறும் இடத்தில் அது கைக்கு வருமா, கடைசி ஊரில்தான் வருமா என்று கதவில் ஒப்படைக்கும்போது கேளுங்கள். எங்களுக்குக் கடைசி ஊரில்தான் வந்தது. தோளில் கட்டும் துணித் தூளிதான் இடையில் காப்பாற்றியது. தூளியில் பிள்ளையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும், தாடை மார்பில் முட்டக் கூடாது. மேலே கோட்டைப் போட்டு மூடிவிடாதீர்கள்.

விமானம் மாற இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

9. போய்ச் சேர்ந்த முதல் மூன்று நாள்

பாட்டி வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளை அந்தக் கையைப் பார்த்து வீறிடும். என் மாமியார் ஐந்து மாதமாக அந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தார். மகன் அவர் முகத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கி என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினான். அவர் நீட்டிய கையை மெல்ல இறக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இது குழந்தையின் வளர்ச்சியில் வரும் கட்டம் என்று முன்பே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அறிந்த முகத்தையும் அறியாத முகத்தையும் பிரித்தறியும் மூளை வளர்ந்துவிட்டது என்பதற்கு இந்த அழுகை அடையாளம். கிளம்பும் முந்தைய மாதம் நாள்தோறும் ஐந்து நிமிடம் வீடியோவில் ஒரே பாட்டைப் பாட்டி பாடட்டும், நேரில் வந்ததும் அதே பாட்டோடு தொடங்கட்டும். குழந்தை உங்கள் மடியில் இருக்கும்போதே அவர் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் ஒரு கரண்டியோடு விளையாடட்டும். எங்கள் வீட்டில் இரண்டாம் நாள் மாலை அவனே தவழ்ந்துபோய் அந்தக் கரண்டியைப் பிடுங்கினான். அதற்குப் பிறகு என்னைத் தேடவில்லை.

முதல் மூன்று நாள் விருந்தினர் வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். காலை வெயில் வந்ததும் திரையை விலக்குங்கள், இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமல் பால் கொடுங்கள். பகல் தூக்கம் இரண்டு மணி நேரம் தாண்டினால் எழுப்பிவிடுங்கள், மனம் கேட்காதுதான்.

10. குளிர் இரவும் ஹீட்டரும்

மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கெட்டியான, சமமான மெத்தை. தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது. குளிருக்குக் குழந்தைகளுக்கென்றே உள்ள, உடுப்புபோல மாட்டும் உறங்கும் பையைப் போடுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம், குழந்தை உடம்பின் கூடுதல் சூடு தலை வழியேயும் வெளியேற வேண்டும். பிரிட்டனில் குழந்தையின் அறைக்குப் பரிந்துரைக்கும் வெப்பநிலை 16 முதல் 20 டிகிரி செல்சியஸ். பெரியவர்களுக்கு இது கொஞ்சம் குளிராகத் தோன்றும், அதனால் இரவில் யாராவது ஹீட்டரைக் கூட்டி வைப்பார்கள். அறையில் ஒரு வெப்பமானியை மாட்டிவிடுங்கள், எண்ணைக் காட்டினால் வாக்குவாதம் சுருங்கும்.

மூடிய அறையில் கரி அடுப்போ, புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரோ வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிறிய எச்சரிக்கைக் கருவி கிடைக்கும், ஊருக்குக் கொண்டுபோகும் பரிசுகளில் அதையும் சேருங்கள்.

11. உடம்புக்கு வந்தால்

போன அன்றே பக்கத்தில் இரவிலும் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை எது, எவ்வளவு நேரத்தில் போகலாம், பனி விழுந்தால் அந்தச் சாலை திறந்திருக்குமா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

மூச்சு வாங்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுவது, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காதது, டயப்பர் பல மணி நேரம் காய்ந்தே இருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து சாய்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் போங்கள். வெறும் மூக்கடைப்பு என்றால் பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு உப்புநீர்ச் சொட்டு போடுங்கள். மூக்கு அடைத்த குழந்தையால் பாலையும் மூச்சையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது.

காப்பீட்டுக்குப் பணம் திரும்பப் பெற வேண்டுமென்றால் ரசீது மட்டும் போதாது, நோயின் பெயர் எழுதிய மருத்துவர் சீட்டும் வேண்டும். அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

12. திரும்பும் வாரம்

பாசினெட், மடிக்குழந்தை டிக்கெட் எண் இரண்டையும் மறுபடி தொலைபேசியில் உறுதி செய்யுங்கள். பரிசுப் பொருள்களால் பெட்டி கனத்திருக்கும், மடிக்குழந்தைக்கு எவ்வளவு சுமை அனுமதி என்று பாருங்கள். சில நிறுவனங்கள் தனிப் பெட்டி தருகின்றன, சில ஸ்ட்ரோலரை மட்டும் தருகின்றன.

மடக்குத் தொட்டில், குளியல் தொட்டி, உயர நாற்காலி ஆகியவற்றைத் தாத்தா வீட்டிலேயே விட்டுவிடுவதாக இருந்தால், அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைக்கு அவற்றில் சில சின்னதாகிவிடலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எவருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். என் மாமியார் எதையும் கொடுக்கவில்லை. கரண்டியை மட்டும் எங்கள் பையில் போட்டு அனுப்பினார். விமான நிலையச் சோதனையில் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.